முடி சூட்டிய கை

மாசித் திங்கள் மக நாளன்று திருவண்ணாமலைப் பெரிய கோயிலிலிருந்து ஓர் ஊர்வலம் புறப்படுகிறது. கோயிலின் இறைவன் ஊரை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, அங்கே கௌதம நதிக்கரையில், மாண்ட தந்தைக்கு மகன் செய்யும் திதியைச் செய்கிறான் என்பது விழாவின் பொருள். கடவுளுக்கும் தந்தையா என்று திகைப்போர் திகைக்கட்டும். அந்தத் தந்தை ஒரு மன்னன். போசள மரபில் வந்த மூன்றாம் வீர வல்லாளன். தைப்பூச நாளில் நீராடித் திரும்பும் வழியில் மன்னன் இறந்த செய்தி எட்டியதாகக் கொண்டு மேளமும் தாளமும் இன்றிக் கோயில் திரும்புவதும், மறு திங்களில் திதி கொடுப்பதும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன.

இந்த உறவு வந்த கதையை அருணாசல புராணம் உரைக்கிறது. வல்லாளனுக்கு மக்கட்பேறு இல்லை. ஆனால் கேட்டதைக் கேட்டவாறே கொடுக்கும் கொடையாளி. அவனைச் சோதிக்க எண்ணிய சிவன் அடியார் கோலத்தில் வந்து, தனக்கு ஒரு பெண் வேண்டும் என்கிறான். அன்றைக்கென்று பார்த்து ஊரில் கணிகையர் எவரும் கிடைக்கவில்லை. சொன்ன சொல் தவறக்கூடாதே! மன்னன் தன் இளைய மனைவி சல்லமாதேவியை அனுப்பி வைக்கிறான். அவள் கை பட்டதும் அடியார் குழந்தையாகிறார். மகனில்லாதவனுக்கு இறைவனே மகனாகிறான். கேட்டு மெய்சிலிர்ப்போர் பலர். நமக்கோ மெய் கூசுகிறது. எடுத்துக் கொடுப்பதற்கு அவள் கருவூலத்துப் பொற்காசா? அவள் உளம் யாது என்று கேட்டவர் யார்? கொடைக்குப் புகழ் மன்னனுக்கு, சோதனைக்குப் பெருமை சிவனுக்கு, சல்லமாதேவிக்கு ஒன்றுமில்லை!

இன்னொன்றும் உண்டு. பிள்ளையில்லாதவன் என்று புராணம் புலம்பும் அந்த மன்னனுக்குப் பிள்ளை இருந்தான்! விருபாட்ச வல்லாளன் என்ற பெயருடன் 1343இல் முடி சூடியவன் அவன். பெற்ற மகன் முடி சூடினான் என்று வரலாறு சொல்ல, மகனே இல்லை என்று புராணம் சாதிக்க, ஊர் புராணத்தின் பின்னே போகிறது.

வல்லாளன் வாழ்வு புராணத்தின் துணை வேண்டாமலே நெஞ்சை உலுக்கக் கூடியது. அவனுடைய தலைநகர் துவாரசமுத்திரத்தை 1311இல் மாலிக் காபூரின் படை சூறையாடியது. 1327இல் துக்ளக்கின் படை வந்து அழித்தது. அதன்பின் அவன் திருவண்ணாமலையைத் தலைநகராக்கிக் கொண்டான். இராசகோபுரத்தைக் கடந்து உள்ளே செல்வோர் எதிரே காணும் வல்லாள மகாராசன் கோபுரம் அவன் பெயரால் நிற்கிறது. 1342இல், எண்பது வயதை எட்டிய கிழவனாக, மதுரைச் சுல்தான் கியாசுத்தீனோடு கண்ணனூர்க் கொப்பத்தில் பொருதான், சிறைப்பட்டான். விடுவிப்பதாகச் சொல்லி அவன் செல்வத்தையும் யானைகளையும் வாங்கிக்கொண்ட சுல்தான், பின்னர் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். அது தொங்கக் கண்டதாக மொராக்கோ நாட்டு வழிப்போக்கர் இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார்.

இதில் மதத்தைத் தேடிப் புறப்படுவோருக்கு ஒரு சொல். சிவநெறி பேணிய சோழன் ஆதித்த கரிகாலன் 'பாண்டியன் தலைகொண்டவன்' என்பதைப் பட்டமாகவே பூண்டான். மூன்றாம் குலோத்துங்கன் மதுரையும் ஈழமும் கருவூரும் கொண்டதோடு பாண்டியனின் முடித்தலையும் கொண்டதாகக் கல்லிலே வெட்டிக் களித்தான். தலை கொய்வதற்கு மதம் தேவைப்படவில்லை. முடி இருந்தால் போதுமானதாக இருந்தது.

மாணவர் சிலரை அழைத்துச் சென்று அந்தக் கோபுரத்தைக் காட்டியபோது, "ஐயா, ராசாவின் தோலைத்தான் மதிலில் மாட்டினார்கள். அவர் கிரீடம் என்னவாயிற்று?" என்று ஒரு சிறுவன் கேட்டான். இபன் பதூதா தோலைப் பற்றி எழுதினாரே ஒழிய முடியைப் பற்றி எழுதவில்லை. அவனுக்கு விடை கூற இயலாமல் வீடு திரும்பிய நாம், முடியின் கதையைத் தேடத் தொடங்கினோம். அதன் விளைவே இக்கட்டுரை.

தமிழில் முடி என்பது முதலில் மயிர். தலையின் உச்சியும் முடி, மலையின் உச்சியும் முடி. மன்னன் தலையில் ஏறிய பொன்னுக்கும் அதே பெயர் வாய்த்தது. பொன் ஏறுமுன் அந்தத் தலையில் இருந்தது பூ. சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி என்று மூவர் பூவையும் தொல்காப்பியம் முறைப்படக் கூறுகிறது. போர்க்களத்துப் புழுதியில் இவன் யார் படையினன் என்று அறிவதற்குப் பூ உதவியது. வேப்பம்பூவுக்கு விலை ஏது? வேலியோரத்து மரத்தில் ஏறினால் எவனும் பறிக்கலாம். மன்னன் சூடியதையே அவன் வீரனும் சூடினான்.

உரோம் நாட்டிலும் தொடக்கம் இலைதான். போரில் தன் நாட்டான் ஒருவனின் உயிரைக் காத்தவனுக்குக் கருவாலி இலையால் கட்டிய வளையம் சூட்டினார்கள். அதைவிட உயர்ந்த சிறப்பு மிகச் சிலவே. ஆனால் கி.மு. 44இல் அந்தோணி முடிக்குரிய பட்டையை எடுத்து நீட்டியபோது, கூடியிருந்த மக்களின் முகம் கறுக்கக் கண்ட சீசர் அதை மறுத்துத் தள்ளினான். இலைக்குக் கைதட்டியவர்கள் முடிக்கு முகம் சுளித்தார்கள். எகிப்தியரோ தெற்குக்கு வெள்ளை முடி, வடக்குக்குச் செம்முடி, இரண்டையும் ஆள்பவனுக்கு ஒன்றினுள் ஒன்று பொருத்திய இரட்டை முடி என்று வகுத்தார்கள். சுவரெங்கும் அந்த முடிகள் தீட்டப்பட்டிருக்கின்றன. உண்மை முடி ஒன்றுகூட மண்ணிலிருந்து இதுவரை கிடைக்கவில்லை என்பது வேடிக்கை!

பூ பொன்னானபின் தமிழகத்தில் நேர்ந்தது என்ன? தோற்ற மன்னர் எழுவரின் முடிப் பொன்னை அணியாக்கிச் சேரன் மார்பில் தரித்தான் என்று சங்க நூல்கள் பாடுகின்றன. எழுவர் தலைவணங்கியதற்கு அது அடையாளம். அந்த ஏழு நாட்டிலும் எத்தனை ஆயிரம் தலைகள் உருண்டன என்ற கணக்கு மட்டும் பாட்டில் இல்லை.

ஒரு முடியைத் தேடி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அலைந்த கதையும் நம்மிடம் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் பராந்தகன் மதுரையை வென்றான். பாண்டியன் இராசசிம்மன் முடியையும் பிற அரச சின்னங்களையும் எடுத்துக்கொண்டு ஈழத்துக்கு ஓடி, அவற்றை ஈழ மன்னனிடம் அடைக்கலம் வைத்துவிட்டுத் தாய்வீடான சேரநாடு சென்றான். மதுரை கையில் இருக்கிறது. மக்கள் வரி கட்டுகிறார்கள். ஆனால் பராந்தகனுக்கு உறக்கமில்லை. பாண்டியன் முடியைச் சூடினால்தானே பாண்டிநாட்டுக்கு வேந்தன்! ஈழத்துக்குத் தூது விட்டான், மறுத்தார்கள். படை விட்டான், ஈழ மன்னன் முடியோடு தென்கோடியான உரோகண நாட்டுக்குள் புகுந்துகொண்டான். சோழர் படை வெறுங்கையோடு திரும்பிற்று. பராந்தகன் மாண்டான், அவன் மகன் மாண்டான், பேரன் மாண்டான். முடி ஈழத்திலேயே இருந்தது. 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை சென்று, ஈழத்தரசர் முடி, அவர்தம் தேவியரின் முடி, பாண்டியன் வைத்துச் சென்ற முடி, ஆரம் எல்லாவற்றையும் அள்ளி வந்தது. மன்னன் ஐந்தாம் மகிந்தனையும் பிடித்து வந்தது. அவன் சோழநாட்டிலேயே சிறையிருந்து மாண்டான். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அந்த முடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாடுகிறது. கடல் கடந்து சென்று திரும்பாத உழவர் வீட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பாடிய மெய்க்கீர்த்தி எங்கே? கங்கையும் கடாரமும் கொண்ட பெருமையைச் சொல்லித் தோள் தட்டும் நம் தோழர்கள் இந்தக் கேள்வியையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் விருப்பம். தமிழன் பெருமை நமக்கும் இனிக்கிறது. ஆயினும் கேட்கத்தான் வேண்டும்.

1054இல் வேறொரு கொப்பத்தில், கன்னட நாட்டுப் போர்க்களத்தில், யானைமேல் இருந்த இராசாதிராசன் வீழ்ந்தான். தம்பி இரண்டாம் இராசேந்திரன் சிதறிய படையைத் திரட்டி வென்று, களத்திலேயே முடி சூடிக்கொண்டான். புரோகிதர் இல்லை, நாள் இல்லை, கோள் இல்லை! கத்தி பிடித்த கையே முடியையும் எடுத்து வைத்துக்கொண்டது. இது விதிவிலக்கு. நாட்டு வழக்கம் வேறு. முடியைச் செய்பவன் கொல்லன், பொன்னைத் தருபவன் குடி, தலையைத் தருபவன் மன்னன், எடுத்து வைப்பவனோ வேறொருவன். 'நான் வைத்தால்தான் அது முடி; இல்லையேல் வெறும் பொன்' என்று சொல்லும் உரிமை அந்த வேறொருவனிடம் சென்று சேர்ந்தது.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்திலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. களந்தைத் தலைவன் கூற்றுவன் மன்னர்களை வென்று நாடுகளைக் கைக்கொண்டான். படை இருந்தது, நாடு இருந்தது, சிவபத்தியும் நிறைய இருந்தது. முடி சூட்டுக என்று தில்லைவாழ் அந்தணரை வேண்டினான். சோழர் குலத்தவருக்கன்றிச் சூட்டோம் என்று மறுத்த அவர்கள், முடியைத் தம்முள் ஒரு குடியிடம் காவல் வைத்துவிட்டுச் சேரநாடு சென்றுவிட்டார்கள்! நாட்டையே வென்றவன் ஒரு முடியைப் பறிக்க முடியாதவனாக நின்றான். இறைவன் கனவில் தன் திருவடியை அவன் தலைமேல் வைத்து அருளினான் என்று முடிகிறது கதை. அடியார் பெருமையாக இதைப் படிப்போர் படிக்கட்டும். வென்றவனையும் வாசலில் நிறுத்திவைத்த ஒரு சிலரின் ஆற்றலே நம் கண்ணில் படுகிறது.

கம்பனிடம் நமக்குள்ள வழக்கு ஊரறிந்தது. ஆயினும் இராமன் முடி சூடும் இடத்தில் அவன் ஒரு செய்தியைத் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறான். தன்னைப் புரந்த திருவெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோரை அயோத்திக்கே கொண்டு சேர்த்து, அவர்கள் கொடுக்க வசிட்டன் வாங்கிச் சூட்டியதாகப் பாடுகிறான். தென்பெண்ணைக் கரையின் வேளாண்குடிக்கு நன்றிக்கடன் தீர்த்த புலவனை நாம் குறை கூறவில்லை. அவன் கற்பனையிலும்கூட வேளாளன் கை முடியைத் தூக்கி நீட்டும் வரையில்தான் போக முடிந்தது; மன்னன் தலையைத் தொடவில்லை.

கூற்றுவனுக்கு நேர்ந்ததே மராட்டிய வீரன் சிவாஜிக்கும் நேர்ந்தது. கோட்டைகளை வென்றான், முகலாயரை நடுங்க வைத்தான், நாடு கண்டான். முடி சூட வேண்டும் என்றதும் மராட்டியத்துப் பார்ப்பனர், நீ சத்திரியன் அல்லன், சூத்திரன். உனக்கு வைதீக முடிசூட்டு இல்லை என்றனர். காசியிலிருந்து காகபட்டரை வரவழைத்தார்கள். மேவார் இராசபுத்திரர் வழி வந்தவன் என்று ஒரு மரபுவழி காட்டப்பட்டது. நாற்பத்து நான்கு வயதில், பேரரசனாகும் தறுவாயில், பூணூல் அணிவித்தார்கள். மணந்த மனைவியரையே மந்திரம் சொல்லி மறுபடி மணக்கச் செய்தார்கள். 1674 ஜூன் 6ஆம் நாள் இராய்கட்டில் முடி ஏறியது. பொன் தானமாக வழிந்தோடியது. அதுவும் போதாதென்று, சடங்கில் குறை உண்டென்று வேறு குருமார் கூற, அதே ஆண்டு செப்டம்பரில் மறுமுறையும் முடி சூட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த வரலாற்றைத்தான் அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்று நாடகமாக்கினார். அதில் சிவாஜியாக நடித்த கணேசனைப் பெரியார் சிவாஜி என்று அழைக்க, அப்பெயர் நிலைத்தது நாடறிந்த செய்தி. முடி சூடி மூன்றாண்டுகளில், 1677இல், நம் ஊருக்குக் கிழக்கே உள்ள செஞ்சிக் கோட்டையைச் சிவாஜி கைப்பற்றினான். எவராலும் எளிதில் ஏற முடியாத அந்த மலைக்கோட்டை அவனுக்கு வழிவிட்டது. வழிவிட மறுத்தது வருணம் ஒன்றே!

மேனாட்டார் மட்டும் இதற்கு விலக்கா என்ன? கி.பி. 800ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் உரோம் நகர்த் திருக்கோயிலில் போப்பாண்டவர் மூன்றாம் லியோ சார்லமேனின் தலையில் முடியை வைத்தார். அன்று முதல் ஆயிரம் ஆண்டுகள், பேரரசரை ஆக்குபவர் யாம் என்று திருச்சபை உரிமை கொண்டாடிற்று. 1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிசு நகரில், போப்பாண்டவர் ஏழாம் பயசு அருகில் இருக்க, நெப்போலியன் முடியைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். குருவின் கையைத் தட்டிவிட்டவன் என்று மகிழலாம் என்றால், அந்தோ, பிரெஞ்சு மக்கள் மன்னன் தலையை வெட்டி முடியாட்சியையே ஒழித்துப் பதினோராண்டுகள்தாம் ஆகியிருந்தன!

முடிக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். 1911 டிசம்பர் 12ஆம் நாள் தில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் கொலுவிருந்தான். இங்கிலாந்தின் முடி நாட்டைவிட்டு வெளியே செல்லக்கூடாது என்பது அவர்கள் முறை. ஆகவே ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள் பதித்துப் புதிய முடி ஒன்று செய்தார்கள். அறுபதாயிரம் பவுன் செலவு இந்தியக் கருவூலத்தின் தலையில் விழுந்தது. ஒரே நாள் சூடினான். தலை நோகிறது என்று நாட்குறிப்பில் எழுதினான். முடி கப்பலேறி இலண்டன் சென்றது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பஞ்சத்தில் அடிபட்ட நாடு ஒரு நாள் தலைவலிக்குக் கொடுத்த விலை அது. கண்டியின் கடைசி மன்னன் விக்கிரமராசசிங்கன், நாயக்கர் வழியினன், 1816இல் வேலூர்க் கோட்டைக்குச் சிறையாளியாகக் கொண்டுவரப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறைமேல் முத்து மண்டபம் நிற்கிறது. அவனுடைய முடியும் அரியணையும் இங்கிலாந்துக்குப் போய் 1934இல்தான் ஈழம் திரும்பின. மன்னன் வேலூரில், முடி இங்கிலாந்தில்!

தெற்கே திருவிதாங்கூரில் இந்தக் கதை இன்னும் கூர்மை பெறுகிறது. அங்கே அரியணை ஏறியவன் இரணியகருப்பம் என்னும் சடங்கைச் செய்யவேண்டும். பொன்னால் செய்த பெருங்கலத்துள் புகுந்து, அதன் வயிற்றில் மறுபடி பிறந்ததாக வெளியே வந்து, அந்தப் பொன்னைப் பார்ப்பனருக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும். அதன் பின்பே குலசேகரப் பெருமாள் முடி அவனுக்கு உரியது. பொன் எங்கிருந்து வந்தது? நாடார், ஈழவர் முதலிய உழைக்கும் மக்களிடம் அந்த நாடு வாங்கிய வரிகளுள் ஒன்றுக்குப் பெயரே தலைவரி. தலை இருப்பதற்கு வரி! தலைக்கு வரி கட்டியவன் அந்தத் தலையில் துணி கட்டக் கூடாது. அவன் வீட்டுப் பெண் தோளில் சீலை போடக் கூடாது.

அந்த நாட்டில், இன்றைய குமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில், 1809இல் ஓர் ஏழை நாடார் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் 'முடிசூடும் பெருமாள்' என்று பெயரிட்டார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு எவரும் முடி சூட்டவில்லை. பெயரில் மட்டும் ஒரு முடி. அதையும் மேல்சாதியார் பொறுக்கவில்லை. கீழ்சாதிப் பிள்ளைக்கு முடியென்ற பெயரா என்று சினந்தார்கள். பெற்றோர் அஞ்சிப் பெயரை 'முத்துக்குட்டி' என்று மாற்றினார்கள்.

பராந்தகன் படையும் செங்குட்டுவன் படையும் கண்ட முடிப்போர்கள் அனைத்தையும்விட இந்தச் சிறு செய்தி நம்மை வருத்துகிறது. தோற்ற மன்னனிடம் பறித்தது பொன்; தொட்டிற் பிள்ளையிடம் பறித்தது பெயர். நம் ஊர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும், மேல்சாதிக்காரன் எதிரே வந்தால் தலையிலும் தோளிலும் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கிய காலத்தைக் கண்ட முதியவர்கள் உண்டு. தன்மான இயக்கத்தார் மேடைதோறும் தோளில் துண்டணிந்து நின்றதன் பொருளை அவர்கள் நமக்குச் சொல்லத் தேவையில்லாமலே அறிவார்கள்.

முத்துக்குட்டி வளர்ந்தார், வைகுண்டர் ஆனார். மன்னனையும் அவன் வரிகளையும் எதிர்த்துப் பேசினார். சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. மீண்டு வந்தார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரில் குளித்து, ஒரே பந்தியில் உண்ணச் செய்தார். அவரைத் திருமாலின் பிறப்பென வணங்குவோர் நம்பிக்கையில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அவர் இட்ட ஒரு கட்டளைக்கு நாம் தலைவணங்குகிறோம். தலை வணங்காமல் நிற்கச் சொன்ன கட்டளை அது. வழிபட வரும் ஆண்மகன் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்றார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக் கூனிக் குறுகி நிற்பது கோயில் வழக்கமாக இருந்த நாட்டில், தலையில் கட்டாமல் வருவதே பிழை என்று மாற்றினார். காகபட்டர் வரவில்லை, பொற்கலம் வார்க்கவில்லை, நாலு முழத் துணி, கட்டியவன் கையே சூட்டிய கை.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். 1859இல் தோள்சீலை உரிமைக்கு அரசாணை பிறந்தது. சாமித்தோப்புக்கு இன்றும் தலைப்பாகையோடுதான் செல்கிறார்கள். அவ்வழியினர் ஊர்தோறும் எழுப்பிய நிழல் தாங்கல்களில் முடி சூடிய கற்சிலை எதுவும் கிடையாது. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. பனையேறி வந்தவனும் வயல் உழுது வந்தவனும் அதன் எதிரே நின்று, தலைக்கட்டோடு தெரியும் தன் முகத்தைப் பார்க்கிறான்.